மூன்றாம் குறுக்கில் முப்பத்தொரு வீடு

சாய்ந்தமருது
10.08.2025

அன்பு மகள் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உம்மா, ஹபீபா மாமி மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்க ஒன்பது தடவை கோல் எடுத்தேன். ஒன்பது தடவையும் ஒரு பெண்பிள்ளை சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் உன்னைத் தொடர்புகொள்ள முடியாது என்று சொன்னாள். மூன்று பாஷையிலும் விளங்கிவிட்டது. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதற்கு ஒற்றைச் சரி விழுந்ததோடு சரி. ஆகவே தபால் கந்தோருக்குப் போய் முத்திரை கேட்டேன். அந்தத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வழக்கா காக்கா?" என்று கேட்டான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளுக்குக் கடிதம் என்றால் நம்பமாட்டான் என்று, ஓம் என்றுவிட்டேன்.

போன வெள்ளி நான் செய்தது பிழைதான். நீ மாமியை முன்னால் இருத்தி, போனில் பதிவை ஓடவிட்டு, "மூன்றாம் குறுக்குத் தெரு வீடு ஏன் மாமாவின் பெயரில் வந்தது?" என்று கேட்டபோது, நான் கையை நீட்டி அந்தப் போனை நிற்பாட்டினேன். அத்தோடு நிற்காமல், "என்ட தங்கச்சி உன்ட சோதனைக்குப் பாடப் புத்தகமா?" என்றும் கேட்டேன். உம்மாவின் முன்னால், மாமியின் முன்னால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்க. விடிந்ததும் நீ ஸலாம் சொல்லாமல் கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாய். உன் உம்மா மூன்று நாளாக எனக்குத் தேத்தண்ணியைச் சீனி போடாமல் வைக்கிறாள். எனக்குச் சீனி வருத்தம் என்று காரணம் சொல்கிறாள். வெள்ளிவரை அது அவளுக்குத் தெரியாதாம்.

உனக்கு ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும் என்று விளங்குகிறது. ஊரில் கேள்விக்கா பஞ்சம்? நான் ஹாட்வெயார் கடையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவன், தினமும் கேள்விதான் விற்கிறேன். உதாரணமாக, எல்லாப் பூட்டுக்கும் மூன்று திறப்புக் கொடுக்கிறோம், மூன்றாவது திறப்பு எங்கே போகிறது? மழை வரும் என்று வானொலியில் சொன்னாலும், வீட்டுக்குள்ளே ஒழுகின பிறகுதான் சனம் தகரம் வாங்க வருகிறது, அது ஏன்? இவற்றை எழுதினால் உனக்குப் பட்டமும் கிடைக்கும், எனக்கு முதலாளி மஜீட்டிடம் மரியாதையும் கிடைக்கும்.

மாமியை மட்டும் விட்டுவிடு மகள். அவள் வந்து இந்த வீட்டுப் பின்னறையில் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

உன் வாப்பா,
முத்தலிப்


பேராதனை
16.08.2025

வாப்பா,

வஅலைக்கும் முஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. விடுதியில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் யாருக்கும் இதுவரை கையால் எழுதிய கடிதம் வந்ததில்லை.

நீங்கள் பகிடியாக எழுதியதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு இது பகிடி இல்லை. செப்டம்பர் பதினைந்தாம் திகதிக்குள் என் மேற்பார்வையாளர் சுஜித்தா மிஸ் ஒரு ஆய்வு வினாவுக்குக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் ஆய்வுக் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் சிறப்புப் பட்டம் இல்லை. மூன்றரை வருஷம் படித்ததைச் சாதாரணப் பட்டமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

முதலில் 'சுனாமியும் கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களும்' என்று கொடுத்தேன். "இது கேள்வி இல்லை, ஒரு நூலகம்" என்று மிஸ் திருப்பித் தந்தார். இரண்டாவதாக, 'சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் பெண்களின் உரிமை ஏன் குறைந்தது?' என்று கொடுத்தேன். அதில் கேள்விக்குறி இருக்கிறது என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை என்றார். பக்கத்தில் சிவப்பில் எழுதினார்: எந்த வீடுகள்? எந்த வருஷம்? யாரிடம் போய்க் கேட்டால் பதில் வரும்? பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவரைக் காட்ட முடியாத கேள்வி கேள்வியே இல்லையாம்.

மாமியிடம் கேட்டது அதனால்தான். நம் கரையில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பெயரில் எழுதப்படுகிறது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். பிரச்சினை வந்தால் அவர்தான் பெட்டியோடு வெளியேறுவார். மாமிக்கும் கடற்கரையில் அப்படியொரு வீடு இருந்தது. கடல் அதைக் கொண்டுபோன பிறகு, வீட்டுத் திட்டத்தில் மூன்றாம் குறுக்கில் கிடைத்த வீட்டின் உறுதிப் பத்திரம் மிஹ்லார் மாமாவின் பெயரில் வந்தது. பிறகு அவர் மாமியைத் தலாக் சொன்னார், வீட்டை விற்றார், இப்போது அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிறார். வெளியே வந்தது மாமிதான், தையல் மெஷினோடு. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த மெஷினை நீங்கள்தான் லொறியிலிருந்து இறக்கினீர்கள்.

உறுதியில் பெயர் எப்படி மாறியது என்று கேட்பதில் உங்களுக்கு என்ன?

ஸம்றா


சாய்ந்தமருது
21.08.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஓ.எல். சோதனைக்கு இப்படி வாசித்திருந்தால் கணிதம் என்னை இரண்டு தரம் நடுரோட்டில் விட்டிருக்காது.

உன் மிஸ் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. கடையிலும் அதேதான். "ஆணி தாங்க" என்று வருகிறவனுக்கு ஒன்றும் கொடுக்க முடியாது. எத்தனை அங்குலம், மரத்துக்கா சுவருக்கா என்று கேட்டுக் கேட்டு அவனைச் சின்னதாக்க வேண்டும். ஆகவே உனக்காக என் தகரக் கேள்வியை அறுத்துச் செதுக்கினேன். பார்: 'கல்முனையில் ஒரு கடையில், 2024 ஒக்டோபரில் கூரைத் தகரம் வாங்கிய குடும்பங்கள், வீடு ஒழுகுவதற்கு முன்னால் ஏன் வாங்கவில்லை?' இடம் இருக்கிறது, மாதம் இருக்கிறது, பில் புத்தகத்தில் ஆட்களின் பெயரும் இருக்கிறது. ஆய்வு என்றால் இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் நானும் பேராதனைக்கு வந்திருப்பேன். உன் விடுதியில் இடம் தரமாட்டார்கள் என்பதுதான் குறை.

மூன்றாம் குறுக்கைப் பற்றிக் கேட்டாய். அதில் ஆய்வு செய்ய ஒன்றுமில்லை. அந்த நேரம் சனம் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தது. கந்தோரிலிருந்து படிவம் வந்தது. அதில் குடும்பத் தலைவர் என்று ஒரு கோடு இருந்தது. தலைவர் என்றால் ஆண்பிள்ளை. ஆண்பிள்ளைகளின் பெயரை எழுதினார்கள், அவர்களுடைய பெயரிலேயே உறுதி வந்தது. சட்டம் அப்படி. மாமியும் அதைச் சட்டம் என்றுதான் எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டு ஆறியும் விட்டாள். இப்போது நீ போய் ஏன் எப்படி என்று கேட்டால், சட்டத்தோடு ஆறின மனுசி ஆட்களோடு கோபிக்கத் தொடங்குவாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோபத்தை வைத்து என்ன செய்வாள்?

உம்மா சீனி போடத் தொடங்கிவிட்டாள், அரைக் கரண்டி. உன்னிடமிருந்து பதில் வந்தது என்று சொன்னேன். முழுக் கரண்டிக்கு நீ கோல் எடுக்க வேண்டும்.

தகரக் கேள்வியைப் பற்றி மிஸ்ஸிடம் கேள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாப்பா


காரைதீவு
30.08.2025

வாப்பா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஓம், மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறேன். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்கூட இல்லை. என்னோடு படிக்கிற பிள்ளையின் வீடு. வருவதற்குச் சொல்லவில்லை என்று உம்மா கவலைப்படுவார். சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருப்பீர்கள்.

அந்தப் பிள்ளையின் அப்பா நல்லரெத்தினம் ஐயா, அப்போது நம் பக்கத்து அகதி முகாமில் படிவங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். இப்போது ஓய்வில், வயலைப் பார்க்கிறார். பழைய கடதாசிகளைப் பொலித்தீனில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். அதிலிருந்து நிரப்பாத படிவம் ஒன்றை எடுத்துத் தந்தார்.

அதில் இரண்டு கோடு இருக்கிறது வாப்பா. ஒன்று, குடும்பத் தலைவர் பெயர். அதற்குக் கீழே, இழந்த வீட்டின் உரிமையாளர் பெயர். உறுதி எழுதியது இரண்டாவது கோட்டைப் பார்த்துத்தான்.

நான் மூன்றாம் குறுக்குக்கும் நான்காம் குறுக்குக்கும் போனேன். நான்காம் குறுக்கில் இருபத்தெட்டு வீடு, இருபத்தாறு பெண்களின் பெயரில் இருக்கிறது. மூன்றாம் குறுக்கில் முப்பத்தொரு வீடு, முப்பத்தொன்றின் முதல் உறுதியும் ஆண்களின் பெயரில். ஒரே படிவம், ஒரே அதிகாரி, ஒரே மாதம், முழங்கை நீளத்துக்கு ஒரு ஒழுங்கைதான் இடையில். அப்படியென்றால் சட்டம் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தின் 'பி' கட்டடத்தில் இருந்தவர்களுக்குத்தான் நான்காம் குறுக்கு கிடைத்ததாம். அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது மிட்வைஃப் நுஸ்ஹா. எந்த வீடு யாருடையது என்று பிள்ளைப்பேறு பார்த்துப் பார்த்துத் தெரிந்தவர். 'ஏ' கட்டடத்துக்கு யார் நிரப்பினார்கள் என்று கேட்டேன். மூன்றாம் குறுக்கில் ஆசியா உம்மா தன் பழைய படிவப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கோட்டிலும் அவருடைய கணவரின் பெயர்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று நான் யாரிடமும் கேட்கவேண்டி இருக்கவில்லை. பத்து வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் பாடசாலைக்கு லீவுக் கடிதம் எழுதின கை அது.

இப்போது என் கேள்வி: '2005இல் ஒரே முகாமில் ஒரே படிவத்தை நிரப்பிய இரண்டு கட்டடங்களில், ஒன்றில் வீடு பெண்களின் பெயரிலும் மற்றதில் ஆண்களின் பெயரிலும் ஏன் எழுதப்பட்டது?' பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் எனக்குத் தகரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை கண்டிக்குப் போகிறேன்.

ஸம்றா


சாய்ந்தமருது
02.09.2025

மகள்,

உன் கடிதத்தைக் கடையில் ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். முதலாளி கூப்பிட்டார், எனக்குக் கேட்கவில்லை. ஒருவர் அரைக் கிலோ கொன்கிறீற் ஆணி கேட்டார், நான் வலை ஆணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் திரும்பி வரவில்லை. எந்தச் சுவரில் அடிக்கிறாரோ.

ஒரு கோடு என்று நான் எழுதியது பொய். இரண்டு கோடு இருந்தது. 'ஏ' கட்டடத்தின் முப்பத்தொரு படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், கேள். நம் வீட்டு வாசல்வரை வந்து கடல் திரும்பிவிட்டது. உம்மாவின் வீடு நின்றது. நமக்கு ஒன்றும் போகவில்லை என்ற வெட்கத்தில் நான் தினமும் முகாமுக்குப் போனேன், தகரம் சுமந்தேன், தண்ணீர் சுமந்தேன். படிவம் வந்த நாள், எழுதத் தெரிந்தவர்களுக்கும் எழுத மனம் இல்லை. யாரோ என்னிடம் ஒரு பேனையைத் தந்தார்கள். ஒரு மேசை போட்டார்கள். சோதனையில் இரண்டு தரம் தோற்றவனின் முன்னால் சனம் வரிசையில் நின்றது ஸம்றா. இரண்டாம் நாளே என்னைப் படிவ மாஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் காற்சட்டையை விட்டுவிட்டு வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். பேனையை இரண்டாக்கினேன், ஒன்று சட்டைப் பைக்கு.

ஏன் ஒரே பெயரை இரண்டு கோட்டிலும் எழுதினேன்? அதற்கு முந்தின வருஷம் கத்தாருக்குப் போக நான் பாஸ்போட்டுக்குப் போட்ட விண்ணப்பம் மூன்று தரம் திரும்பி வந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். அதனால் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று: ஒரு கடதாசியில் இரண்டு பெயர் இருந்தால் கந்தோரில் எறிந்துவிடுவார்கள். எறிந்தால் சனத்துக்கு வீடு இல்லை. ஆகவே மேலே யார் பெயரோ கீழேயும் அவர் பெயர். யாரிடமும் கேட்கவில்லை. மாஸ்டர் கேட்பாரா?

ஹபீபா மட்டும் கேட்டாள். "காக்கா, வீடு என்ட பேர்லதானே இருந்த. அவர்ர பேர ஏன் எழுதுற?" என்றாள். "இது வெறும் கடதாசிதான் புள்ள. வீடு வந்தா உன்ட வீடுதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற மற்றவர்கள் அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். துரோகம் ஒன்றும் இல்லை, ஒரு முட்டாள்தனம். இதை நீ எழுதிக்கொள். படிவம் நிரப்பியவர் ஒரு முட்டாள் என்று எழுது, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஹபீபாவிடம் சொல்லாதே. அவள் அதைச் சட்டம் என்று நம்புவதால்தான் எனக்குச் சோறு போடுகிறாள்.

வாப்பா


பேராதனை
06.09.2025

வாப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தை வாசிக்கும்போது நான் அழவில்லை என்று நினைப்பீர்கள்.

அதை மிஸ்ஸிடம் கொண்டுபோகப் புறப்பட்ட அன்றுதான் நல்லரெத்தினம் ஐயா கோல் எடுத்தார். அதே பொலித்தீனில் இன்னொரு கடதாசி கிடைத்ததாம், அதைப் படம் பிடித்து அனுப்பினார். 2005 ஜூன் மாதத்து அறிவித்தல். வீட்டு உரிமையாளர் கோட்டில் பிழையாக எழுதியவர்கள் ஆறு மாதத்துக்குள் வந்து பெயரைத் திருத்தலாம் என்று இருக்கிறது. 'பி' கட்டடத்தில் பிழையாக இருந்த ஒன்பது பெண்கள் வந்து திருத்தினார்கள். 'ஏ' கட்டடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

"உங்கட ஆக்கள் வருவாங்க வருவாங்க எண்டு நான் பார்த்துக்கொண்டு இருந்தன் மகள்," என்றார் ஐயா. "ஒருத்தரும் வரல்ல. ஆம்பிளையள்ற பேர்ல இருக்கிறதுதான் விருப்பம் போல எண்டு விட்டிட்டன்."

அறிவித்தலை ஒவ்வொரு கட்டடத்திலும் வாசித்துக் காட்ட ஒருவரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கியிருக்கிறார். படத்தில் 'ஏ' கட்டடத்துக்கு நேரே உங்கள் கையெழுத்து இருக்கிறது.

நீங்கள் முட்டாள்தனம் என்று எழுதியதை நான் நம்பினேன். இப்போதும் முதல் பாதியை நம்புகிறேன். இரண்டாம் பாதிக்கு உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

கேள்வியை மாற்றிவிட்டேன்: 'வீட்டு உரிமையாளர் பெயரைத் திருத்த 2005இல் ஆறு மாத அவகாசம் இருந்தும், மூன்றாம் குறுக்கின் முப்பத்தொரு குடும்பங்களில் ஒன்றுகூட ஏன் விண்ணப்பிக்கவில்லை?' மிஸ் இதை வாசித்துவிட்டு முதல் தடவையாகச் சிவப்புப் பேனையை மூடினார். "பதில் தெரிந்த ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "உமக்கு யார்?" என்றார். சொன்னேன். மூடிய பேனையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: உறவை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்த வீடுகளில் உரிமை இழந்த பெண்கள் யாரும் இதைக் கட்டுரையில் வாசித்து அறியும் நிலை வரக்கூடாது. ஒருவராவது அப்படி அறிந்தால் கையெழுத்து இல்லை.

மாமியிடம் நான் சொல்லப்போவதில்லை. அது என் வாயால் வரவேண்டியது அல்ல. பதினான்காம் திகதிக்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று எழுதினால் இந்தக் கேள்வியைக் கொடுப்பேன். இல்லாவிட்டால் தகரக் கேள்வியைக் கொடுப்பேன். மிஸ்ஸிடம் காட்டினேன், அது நல்ல கேள்வி, ஒழுங்காகக் கூர்மையாக்கப்பட்டிருக்கிறது என்றார். எனக்குப் பட்டம் கிடைக்கும். நான் கோபத்தில் மிரட்டுகிறேன் என்று எண்ணவேண்டாம். உங்களைக் கேட்காமல் உங்களை எழுத எனக்கு முடியாது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். நீங்கள் இன்றைக்கும் குடியிருப்பது உம்மாவின் பெயரில் உள்ள வீட்டில்.

ஸம்றா


சாய்ந்தமருது
11.09.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபாலை நம்பாமல் இதைக் கண்டி பஸ் கொண்டக்டர் ஜவுபரிடம் கொடுக்கிறேன். கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் இரண்டாம் பாதி. நல்லரெத்தினம் ஐயா அறிவித்தலைத் தந்தது ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பிறகு சனத்தைக் கூட்டி வாசிப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நின்ற இடத்தில் ஒரு தரம் எனக்குள் வாசித்துப் பார்த்தேன். அதை வாசித்தால், முப்பத்தொரு படிவத்திலும் மாஸ்டர் பிழை விட்டார் என்று மாஸ்டரே சனத்தின் முன்னால் சொன்னதாக ஆகிவிடும். நாளைக்கு வாசிப்போம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், இரண்டாவது பேனைக்குப் பக்கத்தில். வெள்ளி ஜும்ஆ. சனி கடையில் லோட் வந்தது. இப்படி ஒவ்வொரு நாளாகத்தான் ஆறு மாதம் போகிறது மகள், ஒரேயடியாகப் போவதில்லை. அதற்குள்ளே வீடும் வரவில்லை, யாரும் பிரியவும் இல்லை. கடதாசிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஹபீபா மெஷினோடு வந்து இறங்கின நாள்தான் அது கடதாசி இல்லை என்று தெரிந்தது. அப்போது ஏழு வருஷம் பிந்திவிட்டது. அந்த மெஷினை நான் ஏன் ஒருவரையும் தொடவிடாமல் தனியாக இறக்கினேன் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

நேற்றுக் காலை சொன்னேன். ஹபீபா பாடசாலை வெள்ளைச் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். உம்மா அடுப்படியில். நான் நின்றுகொண்டே சொன்னேன், இருக்க முடியவில்லை. அவள் மெஷினை நிற்பாட்டவில்லை. படிவத்தைச் சொல்லி முடிக்கும்வரை தைத்துக்கொண்டே இருந்தாள். அறிவித்தலைச் சொன்னபோது சக்கரத்தில் கையை வைத்தாள்.

"எழுதினது தெரிஞ்சா, தெரியாமயா?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான்."

"நோட்டீஸ்?"

"அது தெரிஞ்சிதான்."

நான் அழப்பார்த்தேன். அழுதால் அவள் எழும்பி வந்து தேற்ற வேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டேன். உன் வாப்பா இந்த வருஷம் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ பதிவு செய்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி.

"அல்லாஹ்ட நாட்டம் என்டு பதின்மூணு வருஷம் பொறுத்துக்கிட்டு இருந்தன். உங்கட நாட்டத்தையும் சேத்துப் பொறுத்திருக்கன், எனக்குத் தெரியா." ஊசியிலிருந்த நூலை அறுத்தாள். "எனக்கு மட்டும் சொல்லிப்போட்டு மனச லேசாக்கிட்டுப் போகாதீங்க காக்கா. அந்த வரிசைல நான் ஒருத்தி மட்டும் நிக்கல்ல."

உம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "நான் கூட வாறன்," என்றாள். எங்கே என்று கேட்டேன். "மூணாம் குறுக்குக்கு," என்றாள், சந்தைக்கு என்பதைப் போல.

நேற்றுப் பின்னேரமும் இன்று காலையும் போனோம். முதலாளியிடம் லீவு கேட்டபோது என்ன வருத்தம் என்றார், பழைய வருத்தம் என்றேன். ஹபீபாவையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு முடிந்திருக்கிறது. மூன்று பெண்கள் மௌத்தாகிவிட்டார்கள், அவர்களுடைய மகள்மாரிடம் சொன்னேன். ஆசியா உம்மா, தன் புருஷன் நல்ல மனுஷன், பெயர் எங்கே இருந்தாலும் வீடு தன்னுடையதுதான் என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி தந்தார். அதற்கு அடுத்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு உள்ளே நின்று ஒரு பெண், மகளுக்குக் கலியாணம் பேசின நேரம் வீட்டை அவளுக்கு எழுதிக்கொடுக்க உறுதியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிள்ளையின் வாப்பா ஒன்றரை வருஷம் இழுத்ததைச் சொன்னாள். நான் கதவோடு நின்று கேட்டேன். இன்னொரு வீட்டில், இப்போது திருத்த முடியுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அந்த மேசையில் இருந்த நாட்களில் நான் ஒரு தடவைகூடச் சொல்லாத சொல் அது. நல்லரெத்தினம் ஐயாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஹபீபா என்னோடு கதைப்பதில்லை. நேற்றிலிருந்து சோறு உம்மாதான் போடுகிறாள். நேர்காணலுக்கு ஓம் என்று உம்மா மூலம் சொல்லி அனுப்பினாள், இரண்டு நிபந்தனையோடு. நீ கேட்கிற நேரம் நான் வீட்டில் இருக்கக்கூடாது. கட்டுரையில் அவளுக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம் போடக்கூடாது, ஹபீபா என்றே போட வேண்டும். இலக்கம் போடுவது உங்கள் வழக்கம் என்று உம்மா சொன்னதற்கு, "ஒருக்கா என்ட பேர விட்டுத்தான் இந்த நிலை," என்றாளாம். மிஸ்ஸிடம் இதைச் சொல்லி அனுமதி வாங்கு.

மிச்சம் பத்தொன்பது வீட்டுக்கும் ஞாயிறுக்குள் போய்விடுவேன். போகாத வீடு ஒன்று இருந்தாலும் ஞாயிறு பின்னேரம் உனக்குச் சொல்வேன், நீ அதை மிஸ்ஸுக்குச் சொல். பொய்க்கணக்கில் கையெழுத்து வாங்காதே.

கேள்வியைக் கொடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அறிவுரை என்று எடுக்காதே, கடைக்காரன் சொல்வதாக எடு. ஒவ்வொரு கடிதத்திலும் அதைச் சுருக்கிக்கொண்டே வந்தாய், இப்போது அளவு சரி. இதற்கு மேல் அறுக்காதே. அறுத்தால் அதில் உன் வாப்பா ஒருவன்தான் மிஞ்சுவான். நான் ஏன் வாசிக்கவில்லை என்பதற்கு ஒரு பக்கம் போதும். மிச்சப் பக்கங்களில் அவர்களிடம் கேள்.

வாப்பா,
முத்தலிப்